பிரசங்கி விழுந்த காலை

வான்கோழி வேட்டைக்கு என்னிடம் வருகிறவர்களுக்கு வண்டியிலேயே நான்கு விதிகளைச் சொல்லிவிடுவேன். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது. சேவலின் தலையில் இருப்பது அந்த மூன்று நிறங்கள்தான். நான் சொல்லும்வரை துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை எடுக்கக் கூடாது. சேவல் கூவினால் எழுந்து அதைத் தேடிப் போகக் கூடாது, நான் எழுப்பும் பெட்டைக் குரலைக் கேட்டு அதுதான் நம்மைத் தேடி வர வேண்டும். நான்காவதை மட்டும் இரண்டு முறை சொல்வேன். காட்டில் வேறொரு வேட்டைக்காரன் வருவதைப் பார்த்தால் கையை ஆட்டாதே, விசில் அடிக்காதே, பறவை என்று நினைத்துச் சுட்டுவிடுவான். வாயைத் திறந்து மனிதக் குரலில் சத்தமாகப் பேசு. பறவை போனால் போகட்டும்.

இந்த வசந்தத்தின் கடைசி வாரம் வந்தவர் கெஸ்லர். ஒஹாயோவில் பல் மருத்துவர். அடுத்தவன் வாயில் கையை வைத்துக்கொண்டு தான் மட்டும் பேசுகிற தொழில் அல்லவா, மனிதர் வாயை மூடவே இல்லை.

"பறவை நாப்பது கஜத்துல நிக்குது, அப்ப ஒருத்தன் வர்றான்னு வைங்க. அப்பவும் கத்தணுமா?"

"அப்பவும் கத்தணும் சார்."

"மூணு வருஷம் காத்திருந்த பறவையா இருந்தாலும்?"

"முப்பது வருஷம் காத்திருந்தாலும்."

"நீங்களா இருந்தா கத்துவீங்களா?"

"கத்துவேன்" என்றேன். ஏழு வருஷமாக ஒவ்வொரு வசந்தமும் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிற ஒவ்வொருவரும் என்னை நம்பித் தலையாட்டுகிறார்கள். அவர்கள் தலையாட்டும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம்போல வரும்.

அன்று காலை ஓடைப் பள்ளத்தில் ஒரு நல்ல சேவல் இறங்கி வந்தது. கெஸ்லர் சரியான நேரம் பார்த்து, "வருதா? எங்க வருது?" என்று என் காதில் கேட்டார். சேவல் கழுத்தை நீட்டி ஒரு தரம் பார்த்தது, திரும்பிப் போயே போய்விட்டது. மனிதர் அசடு வழியச் சிரித்தார். நான் கோபப்படவில்லை. வழிகாட்டிக்குக் கோபப்பட உரிமை கிடையாது, அதுவும் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியிடம்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது என் கேட்டருகே எல்பர்ட்டின் பழைய டிரக் நின்றது. எல்பர்ட் அதன் பின்கதவை இறக்கி உட்கார்ந்திருந்தான், தொப்பி மடியில் இருந்தது. நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பேஸ்பால் அணி, ஒரே தேவாலயம். என் தங்கை நெல்டாவின் புருஷனைச் சுட்டுக் கொன்றவன் அவன். இந்த ஊரில் அவனைப் பற்றி யார் பேசினாலும் இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

கெஸ்லரை காபி குடிக்க உள்ளே அனுப்பிவிட்டுப் போனேன்.

"வீட்டை வித்துட்டேன்டா ஹாலிஸ்" என்றான் எல்பர்ட்.

"எப்ப?"

"போன வாரம். மோபில் நகரத்துல மகளோட போய் இருக்கப் போறேன். அவ வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் போட்டுக் குடுத்திருக்கா. கார் நிறுத்துற இடத்தைத்தான் ரூமாக்கியிருக்கா, அது வேற விஷயம்."

"பொறந்ததுலேந்து இங்க இருந்தவன், அங்க போய் என்னடா பண்ணுவ?"

"இங்க மட்டும் என்ன பண்றேன்? தினம் காலைல எந்திரிக்கிறேன், வாசலுக்கு வர்றேன். எதுத்தாப்புல நெல்டா வீட்டு ஜன்னல்ல திரை விழுது. ஏழு வருஷமா ஒரு நாள் தவறல. பால்காரன்கூட அவ்வளவு ஒழுங்கா வர மாட்டான்."

சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மே மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கள் ஊரில் கல்லறைகளை அலங்கரிக்கிற நாள். கல்லைக் கழுவி, மணலைக் கூட்டி, பூ வைத்து, ஓக் மரத்தடியில் நீளமாக மேஜை போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். எல்பர்ட்டின் அப்பா அம்மாவும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவன் ஏழு வருஷமாக அந்த ஞாயிறு வந்ததில்லை. யாரும் இல்லாத முந்தின நாள் வந்து தன் பெற்றோரின் கல்லை மட்டும் கழுவிவிட்டுப் போவான். நெல்டாவின் புருஷன் வைமனின் கல்லறைப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். அடக்கத்தன்று நெல்டா எல்லோர் முன்னாலும், "இவன் நிழல்கூட என் புருஷன் மேல விழக் கூடாது" என்று சொன்னாள். அந்தச் சொல்லை அவன் சட்டம் மாதிரி காத்துவந்தான்.

"போறதுக்கு முன்னால ஒரு தடவ அவன்கிட்ட போய் நிக்கணும்டா. அவ்வளவுதான். சனிக்கிழம திருட்டுத்தனமா போய் நிக்கலாம், யாருக்குத் தெரியப் போவுது? ஆனா எனக்கு அப்படி வேணாம். அவ சரின்னு சொல்லணும். நீ கேட்டா சொல்லுவா."

கேட்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஏழு வருஷத்துக்கு முந்தின அந்தக் காலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நானும் என் மச்சான் வைமனும் சேர்ந்துதான் வேட்டைக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தோம். நான் வந்தவரோடு மரத்தடியில் உட்காருவேன். வைமன் எங்களுக்கு ஐம்பது கஜம் பின்னால் மறைந்து உட்கார்ந்து பெட்டைக் குரலில் கூப்பிடுவான். சேவல் அவனைத் தேடி வரும். வழியில் நாங்கள் இருப்போம். வாய்க்குள் சின்னதாக ஒரு ரப்பர் தகடு வைத்துக்கொண்டு அவன் கூப்பிட்டால் நிஜப் பெட்டைகளே பொறாமைப்பட்டுச் சண்டைக்கு வரும். மனிதர்களிடம் பேசுவதற்கு மட்டும் அவனுக்கு வார்த்தை கிடைக்காது. நெல்டாவிடம் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டவன்.

அந்த நாட்களில் காட்டில் ஒரு சேவல் இருந்தது. பிரசங்கி என்று பெயர் வைத்திருந்தோம். உயரத்தில் நின்றுகொண்டு நெடுநேரம் பேசும், இறங்கி யாரிடமும் வராது. இரண்டு பருவமாக நானும் அதன் பின்னால் அலைந்தேன், எல்பர்ட்டும் அலைந்தான். நிலத்துக்காரர் எங்கள் இருவருக்கும் அனுமதி கொடுத்திருந்தார். தீவனக் கடையில் சந்தித்தால் இதே பேச்சுதான்.

"பிரசங்கிக்கு உன் குரல் புளிச்சுப் போச்சுடா ஹாலிஸ். நீ கூப்புடுறது பெட்டை மாதிரியா இருக்கு? பல்லு போன கிழவி ஞானப்பாட்டு பாடுற மாதிரி இருக்கு."

"நீ பேசாத. பறவை உன்கிட்ட வராதுன்னு தெரிஞ்சு பாம்பு மாதிரி ஊர்ந்து போய்ச் சுடறவன் நீ."

"ஊர்ந்து போனாலும் நான்தான்டா அதை அடிப்பேன். அன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்கணும்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் வீட்டுக்குப் போனபிறகும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பது வயதில் ஒரு பறவைக்காக ஒருவனுக்குத் தூக்கம் கெடுமா என்றால், கெட்டது.

ஏப்ரல் நடுவில் வைமனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் படுக்கை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் நெல்டா அவனுக்காக ஜெபிக்கச் சொன்னாள், ஊருக்கே தெரியும். பத்தாம் நாள் விடியுமுன் நான் ப்ரூவிட் என்பவரோடு கிளம்புகையில், வைமன் என் டிரக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பர்மிங்ஹாமிலிருந்து வந்த ப்ரூவிட் மூன்று பருவமாக என்னிடம் வந்து மூன்று பருவமும் வெறுங்கையோடு போனவர்.

"முதுகு?" என்றேன்.

"உன் தங்கச்சி விரட்டி விட்டுட்டா. 'போய்த் தொலைங்க, வீட்ல உக்காந்து என் உயிர வாங்காதீங்க'ன்னா."

பைன் மரங்கள் மகரந்தம் கொட்டும் நேரம். இலை, வண்டி, கண் இமை எல்லாவற்றிலும் மஞ்சள் தூள். வைமன் வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தான்.

ஓடைக்கு மேலே, சரிவில், ஒரு பெரிய ஓக் மரத்தடியில் ப்ரூவிட்டை உட்காரவைத்தேன். எங்களுக்குப் பின்னால் காற்றில் விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளுக்குள் வைமன் புகுந்துகொண்டான். வெளிச்சம் வந்ததும் பிரசங்கி தன் பேச்சைத் தொடங்கியது. வைமன் மூன்றே மூன்று முறை மெதுவாகக் கூப்பிட்டான். பிறகு பேசாமல் இருந்தான். பேசாமல் இருப்பதில்தான் அவன் கெட்டிக்காரன்.

பிரசங்கி இறங்கி வந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அது தரையில் நடந்து வருவதைப் பார்த்தேன். வாலை விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் அதிர்வு விட்டுக்கொண்டு வந்தது. அது என் விலா எலும்பில் கேட்டது. அறுபது கஜம். ப்ரூவிட் துப்பாக்கியை உயர்த்தப் பார்த்தார். "அசையாதீங்க. இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்று அவர் காதில் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் தலையை லேசாகத் திருப்பினேன். ஓடைக்கரையில், பீச் மரத்தின் பக்கத்தில், எல்பர்ட் பாதி குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவன் துப்பாக்கி எங்கள் பக்கம் இல்லை. வைமன் குரல் கொடுத்த பக்கம் இருந்தது.

எனக்குத் தெரிந்த விதிதான். நானே எத்தனையோ பேருக்குச் சொன்ன விதி. வாயைத் திறந்திருந்தால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் பிரசங்கி பறந்துவிடும். இன்னொரு நாள் எல்பர்ட் அதை அடிப்பான், தீவனக் கடையில் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். இதுதான் என் மனதில் ஓடியது, இதை நான் அழகுபடுத்திச் சொல்லப் போவதில்லை. எல்பர்ட்டுக்குக் காடு தெரியும், நிதானிப்பான், இன்னும் பத்து கஜம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முன்பக்கம் திரும்பினேன்.

ப்ரூவிட் சுட்டார். அதே மூச்சில் பின்னால் இன்னொரு வெடி. எதிரொலி என்று நினைத்தேன். எங்கள் வழக்கப்படி, விழுந்து துடிக்கும் பறவையிடம் ஓடிப் போய் அதன் கழுத்தில் காலை வைத்தேன். ப்ரூவிட் குழந்தை மாதிரி கத்திக்கொண்டு குதித்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எல்பர்ட் அலறுவது கேட்டது.

வைமனின் ஒரு கையில் வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. தும்மல் வெளியே கேட்டுப் பறவை கலைந்துவிடக் கூடாதென்று அதை மூக்கில் வைத்து அழுத்தியிருக்கிறான். இலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ அசைந்தது, அதன் பக்கத்தில் சிவந்துபோன மூக்கு. எல்பர்ட் பார்த்தது அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் ஓடையைத் தாண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்பர்ட் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் இமையில் இருந்த மஞ்சள் தூளை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைக் கேட்டார்: "சுடறதுக்கு முன்னால எல்பர்ட்டைப் பாத்தீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

எல்பர்ட்டைக் கேட்டார். "வெள்ளையும் செவப்பும் தெரிஞ்சுது, சுட்டேன். என் தப்பு" என்றான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டை உரிமத்தைப் பறித்தார்கள், தண்டம் போட்டார்கள், விட்டுவிட்டார்கள். நெல்டா விடவில்லை.

மறுநாளே நெல்டாவைப் பார்க்கப் போனேன். அவள் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் கவுன்டரில் இருக்கிறாள். எனக்கு முன்னால் நின்ற கிழவர் ஒரு பார்சலுக்கு ஏழு கேள்வி கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"என்னண்ணே, ஸ்டாம்பா?"

"எல்பர்ட் ஊரை விட்டுப் போறான்."

"தெரியும். முகவரி மாத்தற படிவம் என்கிட்டதான வரும்." முத்திரையை எடுத்து ஓர் உறையின் மேல் குத்தினாள். "சந்தோஷமா போகட்டும்."

"போறதுக்கு முன்னால ஒரு தடவ வைமன் கல்லறைல வந்து நிக்கணுங்கிறான். நீ சரின்னு சொல்லணுமாம்."

முத்திரை குத்துவதை நிறுத்தினாள். என்னை விட எட்டு வயது இளையவள். அந்த நேரத்தில் என் அம்மாவைவிட வயதானவளாகத் தெரிந்தாள்.

"நீ அவனுக்காகவா என்கிட்ட வந்து நிக்கிற?"

"நெல்டா..."

"அன்னைக்கு வைமனைப் போகச் சொன்னது யாரு? நான். போய்த் தொலைங்கன்னு சொன்னேன். நான் அவருகிட்ட சொன்ன கடைசி வார்த்தை அது. அதோட நான் தினம் தூங்கி எந்திரிக்கிறேன். அவனுக்கு மட்டும் ஒரு தடவ வந்து அழுதுட்டு, மனசு லேசாகி மகளோட போய் இருக்கணுமா? முடியாது. அவன் அந்த வேலிக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். சொல்லிடு."

"ஏழு வருஷம் ஆச்சும்மா."

"எனக்கு ஆகல." உறையை எடுத்து மறுபடியும் குத்தினாள். "உனக்குப் பின்னால ஆள் நிக்கிறாங்கண்ணே. தள்ளிக்கோ."

வெளியே வந்து டிரக்கில் உட்கார்ந்தேன். சாவியைப் போடவில்லை. அவள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறாள், எல்பர்ட் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறான். இருவருக்கும் நடுவில் நான் நல்ல அண்ணனாக, நல்ல நண்பனாகத் தூது போய்க்கொண்டிருக்கிறேன். தூ என்று இருந்தது.

சாயங்காலம் எல்பர்ட் வீட்டுக்குப் போனபோது சுவரெல்லாம் வெறுமையாக இருந்தது. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். சமையலறையில் இரண்டே இரண்டு நாற்காலி மிச்சம். எனக்கு ஐஸ் டீ ஊற்றிக்கொடுத்தான், ஜாம் பாட்டிலில்.

"டம்ளரெல்லாம் கட்டிட்டேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "முடியாதுன்னுட்டாளா?"

"ம்."

"சரி. அவ இடம் அது." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "கேட்டதே தப்பு. அவளை வேற கஷ்டப்படுத்திட்டேன்."

அவன் அழுதிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், நான் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் எழுந்து பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"எல்பர்ட், நான் உன்னப் பாத்தேன்டா."

"எங்க?"

"அன்னைக்கு. பீச் மரத்துகிட்ட. நீ சுடறதுக்கு முன்னாலயே பாத்தேன். வாயத் தொறக்கல. பிரசங்கி வந்துட்டு இருந்துச்சு. அது பறந்துடும்னு வாயத் தொறக்கல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

எல்பர்ட் உட்கார்ந்தான். மெதுவாக, "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ என்னப் பாத்தது தெரியும்டா. நானும் உன்னப் பாத்தேன். உன் மூஞ்சிய மறைக்கிற வலை கழுத்துல இறங்கிக் கிடந்துச்சு. அந்த ஆளு காதுல ஏதோ சொல்லிட்டுத் திரும்பின. நேரா என் மூஞ்சியப் பாத்த."

நான் ஜாம் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"நான் அப்ப திரும்பிப் போகத்தான் இருந்தேன் ஹாலிஸ். நீ ஆளோட உக்காந்திருக்க, முன்னால பிரசங்கி வருது, அது உன் பறவை. ஆனா உனக்குப் பின்னால பெட்டை கூப்பிட்டது கேட்டுச்சு. வைமன் படுக்கைல கிடக்கான்னு நெல்டா வாயால கேட்டிருக்கேன். அப்ப அது நிஜப் பெட்டைதான், கூட இன்னொரு சேவல் இருக்கும்னு நெனச்சேன். அங்க வெள்ளையா அசைஞ்சுது. உடனே சுடலடா. உன்னப் பாத்தேன்."

"என்ன எதுக்குப் பாத்த?"

"அங்க ஆள் இருந்தா நீ சொல்லுவ." என்றான். "நீ என்னப் பாத்துட்ட. என் துப்பாக்கி எந்தப் பக்கம் இருக்குன்னும் பாத்துட்ட. பேசாம முன்னால திரும்பிக்கிட்ட. அப்ப அங்க யாரும் இல்லன்னு அர்த்தம். காட்டுல நமக்கு அதுக்கு வேற அர்த்தம் கிடையாதுல்ல? அதுக்கப்புறம்தான் சுட்டேன்."

நான் செய்தது தடுக்கத் தவறிய குற்றம் மட்டும்தான் என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டேன், அவ்வளவுதான் என்று. இப்போது பார்த்தால் நான் பேசியிருக்கிறேன். நான் திரும்பிக்கொண்டதுதான் அவனுக்குக் கேட்ட சொல். சுடு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"ஏன்டா அதிகாரிகிட்ட சொல்லல? நெல்டாகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "உன்னையே தின்னுக்கிட்டு இருந்திருக்கியேடா."

"விசைய அழுத்துனது என் விரலு. இலக்கு என்னன்னு தெரியாம சுடக் கூடாது, அதுவும் விதிதான். அந்தப் பங்கை உனக்குத் தர மாட்டேன்." ஜாம் பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்தான். "அப்புறம், அவளுக்குப் புருஷன் போயாச்சு. அண்ணன் ஒருத்தன் மிச்சம். அவனையும் நான் எதுக்குப் புடுங்கணும்?"

அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கில் ஒழுக ஒழுக, அவன் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். எல்பர்ட் எழுந்து பெட்டி ஒன்றைப் பிரித்துத் துண்டு எடுத்துக் கொடுத்தான்.

"நான் சொல்லப் போறேன் அவகிட்ட" என்றேன்.

"வேணாம்டா. ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்கல, நான் வெள்ளிக்கிழமயே கிளம்பிடுவேன். அவ திரையத் தொறந்து வச்சுக்கலாம், வெயில் உள்ள வரும். இதோட விடு."

"உன்ன வரச் சொல்லுவா."

"உன்னப் போகச் சொல்லுவா" என்றான்.

அது எனக்கும் தெரிந்திருந்தது. சாலையைக் குறுக்கே கடந்தால் நெல்டாவின் வீடு. நாற்பது கஜம்கூட இருக்காது. வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பினேன், மூன்றாவது முறை கதவைத் தட்டினேன்.

அவள் வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காகிதப் பூ செய்துகொண்டிருந்தாள். சுருக்கக் காகிதத்தில் இதழ் வெட்டிக் கம்பியில் கட்டி, அடுப்பில் உருகும் மெழுகில் முக்கி எடுத்தால் மழை வந்தாலும் ஒரு மாதம் தாங்கும். மேஜை முழுக்க மஞ்சளும் ரோஸுமாகப் பரப்பி வைத்திருந்தாள். ஜன்னலில் திரை மூடியிருந்தது.

"சாப்டியா? அடுப்புல பீன்ஸ் இருக்கு" என்றாள். காலையில் கோபமாகப் பேசியதற்கு அது அவளுடைய மன்னிப்பு.

நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை. பீச் மரம், என் தங்கையின் புருஷனைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்த பறவை, அதிகாரியிடம் சொன்ன பொய், எல்பர்ட் இப்போது சொன்னது, அவன் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பது. நான் சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த பூவிலிருந்து மெழுகு மேஜைத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்துவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். பூவை மற்றப் பூக்களோடு வரிசையில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அப்பா வேட்டைக்காரர், அண்ணன் வேட்டைக்காரன், புருஷன் வேட்டைக்காரன் என்று வாழ்ந்தவள். அடித்த பறவையை வாசலில் கொண்டுவந்து போட்டால் எங்கள் வீடுகளில் முதலில் கேட்கிற கேள்வியை என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அந்தப் பிரசங்கி எவ்வளவு எடை இருந்துச்சு?"

"இருபத்தொண்ணரை பவுண்டு" என்றேன்.

யோசிக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அன்று மத்தியானம் வைமனை ஊரில் ஒரு மேஜையில் கிடத்தியிருந்தபோது, அவள் பக்கத்தில் இருக்க வேண்டிய நான், என் கொட்டகையில் தனியாக நின்று அந்தப் பறவையைத் தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல்டா தலையை மட்டும் அசைத்தாள். ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள், படியிறங்கினாள், சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவை அவள் தட்டுவதும், "எல்பர்ட்" என்று கூப்பிடுவதும் எனக்குக் கேட்டன.

அவள் திரும்பி வரும்போது நான் இங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்தது. பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.